வீட்டோடு மாப்பிள்ளையாக ஒரு சேவல்

என் முதல் சேவலை ஒரு வாரச் சந்தையில் வாங்கினேன். சிவந்த கொண்டை, வாலில் பச்சை மினுக்கம், கையில் தூக்கினால் நல்ல கனம். பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஊரான செங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த ஏழு பெட்டைகளுக்கு நடுவே அப்படியே இறக்கிவிட்டேன். அன்று மாலை வரை நடந்த கொத்தும் துரத்தலும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தன. மூன்றாம் நாள் சேவல் கழுத்தை முறுக்கிக்கொண்டு மூலையில் நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. இரண்டு வாரத்துக்குள் ஏழு பெட்டைகளில் ஐந்து செத்துவிட்டன. நான் கீழே சொல்லப்போகும் நாள்கணக்கு நீளமாகத் தெரிந்தால் அந்த ஐந்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சேவல் வந்தால் பெட்டைகள் அதற்கு அடங்கிவிடும் என்றுதான் புதிதாகக் கோழி வளர்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கொல்லை பெட்டைகளுடையது. எந்தக் கோழி முதலில் தீனி தின்னும், எது கம்பின் உச்சியில் அடையும், எது யாரைக் கொத்தலாம் என்பதையெல்லாம் அவை முன்பே தீர்மானித்து வைத்திருக்கும். கோழிகளுக்குள் இப்படி ஒரு கொத்து வரிசை இருப்பதை நார்வே நாட்டு ஷெல்டெருப்-எப்பே 1922-ல் எழுதினார். நம் பாட்டிமாருக்கு அது முன்பே தெரியும். அவர்கள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். புதிய சேவல் அந்த வீட்டுக்குள் வீட்டோடு மாப்பிள்ளையாக வருகிறது. பெண் வீட்டார் ஏற்கும் வரை திண்ணையில்தான் இருக்க வேண்டும்.

சேவல் தேவைதானா?

முட்டைக்காக மட்டும் வளர்க்கிறீர்கள் என்றால் தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். சேவல் சேர்ந்த முட்டையில் சத்து கூடுதல் என்பதும் வெறும் நம்பிக்கைதான். குஞ்சு பொரிக்க வேண்டும், அல்லது பருந்துக்கும் கீரிக்கும் குரல் கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்றால் வாங்குங்கள். எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது சரியான கணக்கு. மூன்று பெட்டை மட்டும் வைத்திருப்பவர் சேவலை விட்டால் அந்த மூன்றின் முதுகிலும் சிறகு மிஞ்சாது.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சேவல் விடிந்த பிறகு கூவுவதில்லை. விடிவதற்கு நெடுநேரம் முன்பே தொடங்கிவிடும். வெளிச்சத்தைப் பார்த்துக் கூவுகிறது என்று நினைத்திருந்தோம். வெளிச்சம் மாறாத மங்கலான அறையில் வைத்தாலும் உள்ளுக்குள் இருக்கும் கடிகாரத்தை வைத்தே அது நேரம் தெரிந்து கூவுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். ஆகவே கூட்டைத் துணி போட்டு மூடினால் கூவாது என்ற யோசனையை நம்பி அண்டை வீட்டாருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

எப்படிப்பட்ட சேவல்?

முதலில் உங்கள் பெட்டைகளைப் பாருங்கள். அவை சிறுவிடை எனும் சிற்றுருவ நாட்டுக்கோழி என்றால் சேவலும் சிறுவிடையாகவே இருக்கட்டும். பெருவிடைச் சேவலின் கம்பீரத்தில் மயங்கி வாங்கிச் சிறுவிடைக் கோழிகளோடு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். சேவல் மிதித்துக் கோழியின் முதுகு கிழியும். கட்டுச்சேவல் வழி வந்ததைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். பார்க்க அழகுதான், ஆனால் அதன் சண்டைக் குணம் ரத்தத்தில் இருப்பது.

எங்கள் பக்கத்துக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. மலையை ஒட்டிய ஊர் என்பதால் 'காட்டுச்சேவல்' என்று காதோரம் சொல்லி விற்க வருவார்கள். சாம்பல் நிறக் காட்டுக்கோழி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். அந்தக் காட்டுக்கோழியின் பங்கு நம் கொல்லைக்கு எப்போதோ வந்துசேர்ந்துவிட்டது என்பது வேறு கதை. வீட்டுக்கோழி பெரும்பாலும் செங்காட்டுக்கோழியின் வழி வந்தது என்றாலும், அதன் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டறிந்தார்கள். அதுவே போதும்.

கேரள எல்லையில் இருக்கும் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் உறவினர் இருந்தால் தலச்சேரிக் கோழி கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கறுப்பில் நீலம் மின்னும், கேரளத்தின் சொந்த இனம். மழைக்குப் பழகிய கோழி. அங்கே சேவலைப் பூவன் என்பார்கள். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஊரிலும் அந்தச் சொல் தெரிந்த பெரியவர்கள் உண்டு. ஆனால் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் எல்லை தாண்டிக் கோழி வாங்குவதை அடியோடு நிறுத்திவிடுங்கள். 2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டத்தில் வந்தது. அப்படிப்பட்ட நாள்களில் புளியரைச் சோதனைச் சாவடியில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிப்பார்கள். பையில் ஒளித்துக் கொண்டுவரும் ஒரே ஒரு சேவல் அந்த வேலை முழுவதையும் வீணாக்கிவிடும்.

வயது முக்கியம். ஆறு மாத விடலைச் சேவலை, மூன்று வயதுக் கிழட்டுப் பெட்டைகள் நடுவே விட்டால் அது ஓடி ஒளிந்தே வளரும். ஒன்று முதல் இரண்டு வயதுச் சேவல் நல்லது. காலின் பின்புறம் முள் வெறும் மொட்டாக இருந்தால் வயது ஒன்றுக்குள் இருக்கும். ஓர் அங்குலம் நீண்டு வளையத் தொடங்கியிருந்தால் இரண்டைத் தொட்டிருக்கும். இது தோராயக் கணக்கு, ஆனால் விற்பவர் சொல்லும் வயதைவிட நம்பலாம்.

வாங்கும் இடத்திலேயே தூக்கிப் பாருங்கள். மூக்கில் நீர், கண்ணோரம் நுரை, மூச்சில் கரகரப்பு, பின்புறச் சிறகில் எச்சம் ஒட்டியிருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். நெஞ்செலும்பு கத்திபோலக் கையில் குத்தினாலும் வேண்டாம். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அது செதிலுக்குள் வாழும் நுண்ணுண்ணி. விலையைக் குறைத்து வாங்கலாம், வேப்பெண்ணெய் சில வாரம் தொடர்ந்து தடவினால் சரியாகும். முடிந்தால் பழைய வீட்டில் மற்ற கோழிகளோடு அது எப்படி இருக்கிறது என்று கால்மணி நேரம் நின்று பாருங்கள். தீனியைக் கண்டதும் தான் விழுங்காமல் 'குக் குக்' என்று பெட்டைகளைக் கூப்பிட்டு, கொத்தி எடுத்துக் கீழே போட்டுக் காட்டினால் கேட்ட விலையைக் கொடுக்கலாம்.

முப்பது நாள் திண்ணைவாசம்

வீட்டுக்கு வந்த சேவலைக் கூட்டத்துக்குக் காட்டவே கூடாது. தனிக்கூடு, தனித் தண்ணீர்த்தட்டு, அங்கே போகும்போது மட்டும் போட உங்களுக்குத் தனிச் செருப்பு. பெட்டைகள் மேயும் இடத்திலிருந்து குறைந்தது முப்பது அடி தள்ளி. எந்தத் திசையில் தள்ளி என்பதை எங்கள் ஊரில் காற்றுதான் முடிவு செய்யும். சாரல் மாதங்களில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து சீறிக்கொண்டு வரும். அப்போது புதிய சேவல் வீட்டுக்குக் கிழக்கே இருக்க வேண்டும். அதன் மூச்சும் தூசியும் பெட்டைகள் பக்கம் வரக்கூடாது. வடகிழக்குப் பருவத்தில் காற்று மாறும், இடத்தையும் மாற்றுங்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டு பருவத்திலும் புதுக்கோழி எதையும் வாங்க வேண்டாம். ஈர மண்ணில் ரத்தக்கழிச்சல் எளிதில் பிடிக்கும். பொங்கல் கழிந்து வாங்குவது உத்தமம். நாட்டுக்கோழிக்கான வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமைக் கால்நடைத்துறை பெரும்பாலும் பிப்ரவரியில்தான் நடத்துகிறது, இரண்டும் பொருந்திவரும்.

வெள்ளைக்கழிச்சல்தான் என் ஐந்து கோழிகளையும் கொண்டுபோனது. ராணிக்கெட் நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். எட்டு வாரம் கடந்த கோழிக்கு இறக்கைப் பக்கம் ஆர்2பி ஊசி போடுவார்கள். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு வாரம் ஆகும். சேவலுக்கு மட்டும் போட்டால் போதாது. பெட்டைகளுக்கும் போட்டிருக்க வேண்டும். சோர்ந்து நிற்கும் கோழிக்குப் போடக்கூடாது.

முதல் வாரம் எச்சத்தைக் கவனியுங்கள். குடற்புழு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் எடை சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இரவில் டார்ச் அடித்து இறக்கைக்கு அடியிலும் பின்புறத்திலும் பேன் ஓடுகிறதா என்று பாருங்கள். அடுப்புச் சாம்பலும் உலர்ந்த மணலும் கலந்து ஒரு பழைய தட்டில் வைத்தால் அதுவே புரண்டு குளித்துக்கொள்ளும். தினமும் பெட்டைகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே சேவலிடம் போகவேண்டும். வரிசையை மாற்றினால் உங்கள் கையே நோயைக் கொண்டுபோகும்.

மூன்றாம் வாரத்தின் முடிவில் நான் செய்யும் ஒரு காரியம் பலருக்குக் கொடுமையாகத் தோன்றும். கூட்டத்திலிருந்து ஒரே ஒரு பெட்டையை எடுத்துச் சேவலோடு விட்டுவிடுகிறேன். சில சேவல்கள் தாம் நோய்ப்படாமல் நோயைச் சுமந்து வரும். அப்படியிருந்தால் அந்த ஒரு பெட்டை காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று போனாலும் மற்றவை தப்பும். பத்து நாள் அது நன்றாகத் தின்று, எச்சம் கெட்டியாக இருந்தால் திண்ணைவாசம் முடிந்தது. கூடுதல் லாபமும் உண்டு: சேவல் கூட்டத்துக்குள் நுழையும்போது தெரிந்த முகம் ஒன்று கூடவே வரும்.

பஞ்சாரத்துக்குள் மாப்பிள்ளை

இனி பார்க்கலாம், தொடக்கூடாது. பெட்டைகள் மேயும் இடத்திலேயே கோழி அடைக்கும் கூடையான பஞ்சாரம் ஒன்றைக் கவிழ்த்துச் சேவலை உள்ளே விடுங்கள். மூங்கில் பஞ்சாரம் இல்லையென்றால் பழைய கட்டில் சட்டத்தில் கம்பிவலை அடித்தாலும் சரி. வலையின் கண் சிறியதாக இருக்கட்டும்; தலையை நுழைத்துக் கொத்தும் அளவுக்கு இடைவெளி இருந்தால் கொண்டை கிழியும். மேலே ஓலையோ சாக்கோ போட்டு நிழல் கொடுங்கள். பகலில் இங்கே, இரவில் அதன் பழைய கூட்டில்.

முதல் நாள் பெட்டைகள் கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். மூத்த பெட்டை வலையில் பாய்ந்து மோதும். என்னிடம் கரிச்சி என்றொரு பெட்டை இருந்தது. இரண்டாவதாக நான் வாங்கிய சேவலின் பஞ்சாரத்துக்கு முன்னால் மூன்று நாளும் காவல்காரியைப் போல நின்றது. மற்ற பெட்டைகளையும் கிட்டே விடவில்லை. நான்காம் நாள் பஞ்சாரத்துக்கு வெளியே கையளவு குறுணையை இறைத்தேன். உள்ளே இருந்த சேவலுக்கும் கொஞ்சம் போட்டேன். அது தின்னவில்லை, கூப்பிட்டது. கரிச்சி முதலில் தலையைச் சாய்த்துப் பார்த்தது, பிறகு வலையோரம் வந்து கொத்தியது. அதற்குப் பிறகு மோதல் இல்லை.

தீனியை வலையின் இருபுறமும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் இங்கே முழு வித்தை. ஒரு வாரம் போதும் என்று எழுதுவார்கள். நான் நாளை எண்ணுவதில்லை. பெட்டைகள் சேவலைக் கண்டுகொள்ளாமல் பக்கத்திலேயே மண்ணைக் கிளறிக்கொண்டும் புரண்டு குளித்துக்கொண்டும் இருந்தால் கதவைத் திறக்கலாம். அடைக்கோழி இருந்தால் அது பொரித்து, குஞ்சுகள் தாயை விட்டுப் பிரியும் வரை பொறுங்கள். குஞ்சுக்காரிக்குப் புதிய சேவல் ஒரு பருந்துக்குச் சமம். கூட்டத்தில் ஏற்கெனவே விடலைச் சேவல் இருந்தால் அதற்கு முன்பே வெளியே அனுப்பிவிடுங்கள்.

கதவைத் திறக்கும் மாலை

இரவில் எல்லாம் அடைந்த பிறகு சேவலைக் கம்பில் ஏற்றி வைத்துவிடு, காலையில் எல்லாம் சேர்ந்திருக்கும் என்பார்கள். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது என்பது உண்மை. ஆனால் விடிந்ததும் கண் தெரியும் அல்லவா? நீங்கள் எழுந்து வருவதற்குள் மூடிய கூட்டுக்குள், தப்ப வழியில்லாத இடத்தில் சண்டை முடிந்திருக்கும். பஞ்சாரத்தில் பழகிய சேவலுக்கு இது பொருந்தும், பழகாததற்குப் பொருந்தாது.

நான் அடையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு, திறந்த வெளியில் விடுகிறேன். இரை தேடிக் களைத்த நேரம், கூடு திரும்பும் நினைப்பு, ஓடுவதற்கு இடம் ஆகிய மூன்றும் அப்போது சேர்ந்து கிடைக்கும். தீனித்தட்டு இரண்டு, தண்ணீர்த்தட்டு இரண்டு, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் வையுங்கள். ஒரு மூலையில் சாய்த்து வைத்த பலகை, தென்னை மட்டைக் குவியல் ஏதாவது இருக்கட்டும். தோற்றவர் மறைய ஓர் இடம் வேண்டும். முதுகைக் காட்டி ஓடிவிட்ட கோழியைப் பெரும்பாலும் யாரும் விடாமல் துரத்துவதில்லை. ஓட இடமில்லாதபோதுதான் ரத்தம் வரும்.

சேவல் ஒரு பக்க இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு வட்டமடித்து ஆடும். பெட்டை பதுங்கினால் மிதிக்கும், பதுங்காமல் திருப்பிக் கொத்தினால் விலகிப் போகும். இதெல்லாம் சரியானதே. கழுத்தைப் பிடித்துத் தொங்குவது, ஒரே பெட்டையை விடாமல் துரத்துவது, மூன்று நான்கு பெட்டைகள் சேர்ந்து சேவலை மூலையில் அடக்குவது ஆகியவற்றைக் கண்டால் தலையிடுங்கள். ரத்தம் வந்தால் அந்த நிமிடமே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். துடைப்பத்தை நடுவே நீட்டினால் போதும், கையை நீட்டாதீர்கள். என் வலது மணிக்கட்டில் இன்னும் ஒரு தழும்பு இருக்கிறது.

இருட்டியதும் தானாகக் கூட்டுக்குள் போகாமல் முருங்கை மரத்தில் ஏறப் பார்க்கும். எடுத்து வந்து கம்பில் வையுங்கள், பக்கத்தில் அந்தத் தெரிந்த பெட்டை. கம்பில் கோழி ஒன்றுக்கு ஒரு சாண் இடமாவது வேண்டும். மரத்தில் விட்டுவிட்டால் மரநாய்க்கு விருந்து. மறுநாள் விடிவதற்கு முன் நீங்களே போய்க் கூட்டைத் திறக்க வேண்டும். இந்த ஒரு காலை மட்டும் தூக்கத்தைத் தியாகம் செய்யுங்கள். மூன்று நான்கு நாளில் தானாக அடையும்.

முதல் மாதம்

சில நாள் முட்டை குறையும், பயப்பட வேண்டாம். சேவல் இளைப்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நல்ல சேவல் கிடைத்ததையெல்லாம் பெட்டைகளுக்குக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடக்கும். வாரம் ஒருமுறை இரவில் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள்; குத்தினால் தனியே ஒரு கை கம்போ சோளமோ கொடுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பெட்டைக்கு அது வேண்டும், சேவலுக்கு அவ்வளவு ஆகாது. பொதுவான தீனியை எல்லாவற்றுக்கும் வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்படும் பெட்டைகள் தாமே போய்த் தின்னும்.

பெட்டைகளின் முதுகில் சிறகு உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவலின் முள் நுனியையும் நகத்தையும் அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். முள்ளுக்குள் ரத்த ஓட்டம் உண்டு, வெட்டக்கூடாது, நுனி மட்டும். காயம்பட்ட பெட்டையைத் தனியே வைத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி, சிறகு முளைத்த பிறகு விடுங்கள்.

உங்கள் மேல் பாயும் சேவலை உதைக்காதீர்கள். உதைத்தால் அது உங்களையும் இன்னொரு சேவலாகவே எடுத்துக்கொள்ளும். ஓடவும் வேண்டாம். பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் உங்கள் வேலையைப் பாருங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தும் திருந்தாத சேவல் சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. அதை என்ன செய்வதென்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. மிளகை வறுத்து அரைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

அடை வைக்க எப்போது?

சேவல் கூடத் தொடங்கிச் சில நாளிலேயே முட்டையில் கரு பிடிக்கும், ஆனாலும் இரண்டு வாரம் கழிந்த முட்டையை எடுத்து வைப்பது நிச்சயம். முன்பு வேறு சேவல் இருந்திருந்தால் மூன்று வாரம் பொறுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் அவ்வளவு நாள் தங்கும், குஞ்சு யாருடையதென்று குழப்பம் வரும். சிறுவிடைக்கு ஒன்பது அல்லது பதினொரு முட்டை. ஒற்றைப்படையாக வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், காரணம் கேட்டால் பெரியம்மா முறைப்பார். ஏழாம் நாள் இரவு செல்போன் விளக்கில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி கால் விரித்ததுபோல் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு உண்டு. தெளிவாக இருந்தால் கூமுட்டையாகிவிடும், எடுத்துவிடுங்கள். இருபத்தோராம் நாள் பொரிக்கும்.

அந்தக் குஞ்சுகளில் பாதி சேவலாகத்தான் இருக்கும். நான்கு மாதத்தில் கூவப் பழகும், ஐந்தில் அப்பனை எதிர்க்கும். அதற்குள் விற்றுவிடுங்கள். அவற்றில் ஒன்றையே அடுத்த சேவலாக வைத்துக்கொண்டால் தாயோடும் தங்கையோடும் கூடி, வரும் தலைமுறை குஞ்சுகள் நோஞ்சானாகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நானும் ஆரியங்காவில் இருக்கும் என் அத்தை மகனும் சேவல் மாற்றிக்கொள்கிறோம். சொந்தக்காரர் வீட்டுச் சேவல்தானே என்று அதையும் நேராகக் கூட்டத்தில் விடுவதில்லை. வந்த அன்றே கிழக்குப் பக்கக் கூட்டுக்குள் போய்விடும், முப்பது நாளுக்கு.